மெதுவாகச் சேர்ந்த மூன்று துளிகள்

மகனே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் பெரியம்மாவுக்குக் காட்டாதே. உன் அம்மம்மா உயிரோடு இருந்தால் அவவின் கண்ணில் இந்தத் தாள் பட்டுவிடவே கூடாது. உனக்கு ஒரு நல்ல கூட்டாளி இருக்கலாம், நீ எல்லாம் சொல்லுகிற ஆளாக அவன் இருக்கலாம், அவனுக்கும் காட்டாதே. நீயல்லாத வேறு யாராவது இதை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தால், தயவு செய்து இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, மடிப்புக் குலையாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இது ஒரு தாய் தன் பிள்ளைக்கு எழுதுவது.

தாய் என்று எழுதவே கை கூசுகிறது. எனக்கு இப்போதுதான் பதினெட்டு முடிந்திருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. நீ பிறக்கவில்லை. நீ வளர்ந்து, வேலைக்குப் போய், கலியாணம் செய்யப் புறப்படும்போதுதான் இதை உன் கையில் தர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அப்போது நீ இப்போதைய என்னை விட மூத்தவனாக இருப்பாய். அது ஒரு விதத்தில் எனக்கு ஆறுதல். மகனா மகளா என்றே தெரியாமல் மகனே என்று எழுதுவதற்குக் காரணம், எங்கள் வீட்டு முன்னறையில் தொங்கும் ஒரு படம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போது சாமானறைக்குள் இருக்கிறேன். கதவுக்கு அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைச் சுற்றிப் பயத்தம்பணியாரம் நிரம்பிய தகரங்கள். ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, கலியாணம். மாப்பிள்ளை எங்கள் மச்சான், அப்பாவின் கூடப்பிறந்த தங்கையின் மகன். இன்றைக்கு வியாழன். அந்தக் கலியாணம் நடந்ததா இல்லையா என்று உனக்குத் தெரியும். அவரை நீ பெரியப்பா என்று கூப்பிடுகிறாயா, மாமா என்று கூப்பிடுகிறாயா? எனக்கு அதுதான் தெரியவில்லை.

எல்லாம் பள்ளிக்கூடத்துச் செய்முறைப் போட்டியில்தான் தொடங்கியது. எங்கள் பௌதிகவியல் மிஸ், உயிருள்ள கலங்களைக் கையால் தொடாமல் மின்புலத்தாலேயே பிடித்து நகர்த்தலாம் என்று ஒரு நாள் சொன்னா. எனக்கு அது பேய்க்கதை போல இருந்தது. இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகளைக் கண்ணாடி வழுக்கியில் நகப்பூச்சால் ஒட்டி, நடுவில் ஒரு தலைமயிர் அளவு இடைவெளி விட்டு, அதற்குள் ஒரு துளி விட வேண்டும். கம்பிகளின் மறு நுனியை, ஒரு வினாடிக்குள் லட்சம் தரம் திசை மாறும் மின்னைத் தருகிற பெட்டியோடு இணைக்க வேண்டும். பிறகு நுணுக்குக்காட்டியில் கண் வைக்க வேண்டும். முதலில் பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைத்தான் வைத்தேன். பெட்டியைப் போடும் வரைக்கும் கலங்கள் தங்கள் பாட்டில் மிதந்தன. போட்டதும் ஒவ்வொன்றும் மெல்லத் திரும்பி, கம்பியின் விளிம்புக்கு வந்து, ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டி, மணி கோத்த மாதிரி வரிசையாக நின்றன. நிறுத்தினால் மீண்டும் கலைந்தன. உட்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளங்கள் காற்று மாறியதும் ஒன்றாகத் திரும்புவதை நீயும் பார்த்திருப்பாய். அது போலத்தான். மின்புலத்துக்குள் கலத்தின் ஒரு பக்கம் நேர் ஏற்றமாகவும் மறு பக்கம் எதிர் ஏற்றமாகவும் ஆகிறது, புலம் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே அது இழுபடுகிறது என்று மிஸ் விளங்கப்படுத்தினா. பெரிய கலம் பலமாக இழுபடும், சிறியது மெதுவாக. இந்தக் கடைசி வசனத்தை நான் கொப்பியில் அடிக்கோடு கூடப் போடாமல் எழுதி வைத்தேன். இப்போது கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

ஈஸ்ட் எல்லாரும் செய்வார்கள், நான் இரத்தத்தில் செய்து காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தேன். மகனே, உன் அம்மாவுக்கு வீம்பு அதிகம், உனக்கும் இருந்தால் என்னைக் குறை சொல்லு. முதல் நாள் என் விரலைக் குத்தி எடுத்த துளியை உப்புக் கரைசலில் விட்டேன். ஆஸ்பத்திரியில் சேலைன் தானே ஏற்றுகிறார்கள், அது இரத்தத்துக்கு நல்லது என்பது என் எண்ணம். பெட்டியைப் போட்டதும் கம்பியில் குமிழி கிளம்பியது, துளி சூடாகியது, செங்குழியங்கள் எல்லாம் வெடித்து ஒன்றுமே இல்லாமல் போயின. உப்பு மின்னைக் கடத்திவிடும் என்று யோசிக்கவில்லை. அடுத்த நாள் வெறும் சுத்தத் தண்ணீரில் விட்டேன், அதிலும் ஊதி வெடித்தன. உப்பில்லாத சுத்தத் தண்ணீரில் அளவாகச் சீனி கரைத்தால் மட்டும் அவை உயிரோடு நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து தந்தவரே மச்சான்தான். அவர் சாம்பல்தீவில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். பற்றரிக்கு விடுகிற தண்ணீர் ஒரு கான் கொண்டுவந்து, “இந்தாங்கோ டொக்டர் மச்சாள், குடிச்சுப் போடாதேங்கோ,” என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் கலியாணக் கார்ட்டின் மாதிரிகளோடு வந்திருந்தார். என் கூட்டாளி றிஸ்னாவும் கிண்ணியாவிலிருந்து வந்திருந்தாள். எனக்கு ஐந்து பேரின் துளி வேண்டும் என்றேன். அப்பா இழுவைப் படகில் வேலை செய்கிறவர், எத்தனை பெரிய கப்பலையும் துறைமுகத்துக்குள் கட்டி இழுத்துவருவார், ஊசியைக் கண்டதும் முற்றத்தால் போய்விட்டார். அதைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உங்கட மாமா ஓடுறார், நீங்களும் ஓடப் போறியளோ?” என்று மச்சானைக் கேட்டாள்.

“நான் ஏன் ஓடுறன்? உங்களைக் கட்டுறதுக்கே துணிஞ்சிட்டன், ஒரு ஊசிக்கோ பயம்?”

“பாருங்கோவன் அம்மா, இப்பவே இவர் கதைக்கிற கதையை!”

“என்னத்துக்கு மச்சாள் இந்த இரத்தம்?” என்று அவர் விரலை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“சும்மா, பள்ளிக்கூட வேலை,” என்றேன் நான்.

அம்மா, அக்கா, மச்சான், றிஸ்னா, நான். ஐந்து சிறு போத்தல்கள், ஐந்து பெயர்கள். மகனே, நான் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அது சும்மாதான். ஆனால் ஒருவரின் உடம்பிலிருந்து ஒன்றை எடுக்கும்போது, அதில் என்ன தெரிய வரக்கூடும் என்று முதலில் நீ யோசி, யோசித்ததை அவருக்குச் சொல்லு. நான் செய்யவில்லை.

றிஸ்னாவின் துளி, நான் பத்து எண்ணுவதற்குள் சங்கிலி கோத்தது. அம்மாவினதும் அப்படித்தான். என்னுடையது இருபத்தைந்து எண்ணியும் அரைகுறையாகத்தான் சேர்ந்தது. அக்காவினது அதே. மச்சானினது அதே. பெட்டி பழுது என்று நினைத்தேன். கம்பியை மாற்றினேன், கரைசலைப் புதிதாகச் செய்தேன், மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் நாங்கள் மூன்று பேர்தான் பிந்தினோம். போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. அழகான வரைபடம் வேண்டும். அதனால் அந்த மூன்றையும் ‘பழுதான வழுக்கி’ என்று கொப்பியில் எழுதி வெட்டிவிட்டு, நல்லதாக வந்தவற்றை மட்டும் கீறினேன். எனக்கு இரண்டாமிடம் கிடைத்தது. மேடையில் கைதட்டினார்கள். இதை உனக்கு எழுதும்போது முகம் சுடுகிறது. ஒத்துவராத வழுக்கியை எறியாதே மகனே. அது உனக்கு எதையோ சொல்ல வந்திருக்கும்.

போட்டி முடிந்து கொப்பியைத் திருத்திய மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டா. “வெட்டியிருக்கிற இந்த மூண்டு பேரும் ஆர்?”

“வீட்டு ஆக்கள் மிஸ். நானும் அக்காவும் மச்சானும்.”

“சொந்த மச்சானோ?”

“ஓம் மிஸ். அக்காவைக் கட்டப் போறவர்.”

மிஸ் கொப்பியை மூடிவைத்தா. பிறகு நான் பூசிக் காயவைத்திருந்த எங்கள் மூன்று பேரின் வழுக்கிகளையும் தானே நுணுக்குக்காட்டியில் பார்த்தா. “குழியங்கள் சின்னனாயும் வெளிறியும் கிடக்கு. இந்தக் கம்பியும் பெட்டியும் வைத்தியப் பரிசோதனை இல்லை, விளங்குதோ? இரும்புச்சத்துக் குறைவாயும் இருக்கலாம். ஆனா பாக்காமல் விடாதேயும். ஆஸ்பத்திரியில போய் ஒருக்கா இரத்தத்தைக் குடும்.”

றிஸ்னாவோடு போனேன். “அம்மா வரேல்லையா?” என்று தாதி கேட்டா, எனக்குப் பதினெட்டு என்றேன். காத்திருந்த இடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு சின்னப் பிள்ளை, ஆறேழு வயதிருக்கும், கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருக்க மற்றக் கையால் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “உங்களுக்கும் இண்டைக்கோ?” என்று கேட்டாள், பஸ்ஸுக்கு நிற்கிறவரைக் கேட்கிற மாதிரி. அவளுக்கு ஒவ்வொரு மாதமும் ஏற்ற வேண்டும் என்றும், இப்படியே எந்நாளும் என்றும் அவளின் தாய் சொன்னா. தாயும் தகப்பனும் சொந்தம், இரண்டு பேரும் ஒரு நாளும் நோய் என்று படுத்ததில்லையாம். சில நாள் கழித்து எனக்குக் கிடைத்த தாளில் தலசீமியாக் காவி என்று இருந்தது, அதாவது நோய் இல்லாமல் அந்த இரத்தக் குறையைச் சுமக்க மட்டும் செய்கிறவள். எனக்கு ஒன்றும் செய்யாது. என்னைக் கட்டுகிறவரும் காவியாக இருந்தால்தான் ஆபத்து. இரண்டு காவிகளுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், நான்கில் ஒரு பங்கு, அந்தச் சின்னப் பிள்ளையின் நோய் வரலாம் என்று டொக்டர் ஒரு தாளில் நான்கு வட்டம் கீறி, ஒன்றை நிரப்பிக் காட்டினார். கலியாணத்துக்கு முதல் பார்த்தால் போதும் என்றார். கலியாணத்துக்கு முதல்.

வீட்டுக்கு வந்து முன்னறைப் படத்தின் முன்னால் நின்றேன். அதில் அப்பா பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிறார், பக்கத்தில் மாமி, அதாவது மச்சானின் அம்மா, இரட்டைப் பின்னலோடு. இருவருக்கும் நடுவில் கதிரையில் ஒரு பிள்ளை. அது அவர்களின் கடைசித் தம்பி. வயிறு ஊதி, முகம் வெளிறி, கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு. ஆறு வயதில் செத்துப்போனான். காய்ச்சல் என்று சொல்லுவார்கள், கண்ணூறு என்றும் சொல்லுவார்கள். அவனைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அந்தப் படத்துக்கு நான் பூ வைத்திருக்கிறேன், எத்தனையோ தரம், அவனுடைய முகத்தைப் பார்க்காமல். ஒரே வீட்டில் பிறந்த அப்பாவும் மாமியும் அதே இரத்தத்தை எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம்தான் வருகிறது. அதனால்தான் மகனே என்று எழுதுகிறேன்.

அந்தத் தாள் கையில் கிடைத்தது போன கிழமை புதன்கிழமை. இந்தத் திங்கட்கிழமைதான் பொன்னுருக்கு. நடுவில் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் நான் வாய் திறக்கவில்லை. இதுதான் என் பெரிய பிழை, இதற்கு நான் எந்தச் சாட்டும் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சொல்லுவோம், அக்கா சாறிக்குச் சட்டை அளவு கொடுத்துவிட்டு வரட்டும், அப்பா சம்பளம் எடுத்துவிட்டு வரட்டும் என்று தள்ளினேன். திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டது, பந்தலுக்குக் கன்னிக்காலும் ஊன்றியாகிவிட்டது. உன் காலத்தில் இதெல்லாம் இருக்குமோ தெரியாது. பொன்னுருக்கினால் எங்கள் ஆட்களுக்கு அரைக் கலியாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறை வரைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது. மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் படலையைத் தாண்டக் கூடாது. இழவு வீட்டுக்குப் போகக் கூடாது. கலியாணம் வேண்டாம் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு வாயால் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை குசினியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. முழுவதையும் கேட்டா. தாளை வாங்கிப் பார்த்தா. பிறகு அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டா.

“பொன்னுருக்கிப் போட்டு இப்ப வந்து என்ன கதை இது?”

“அம்மா, நிப்பாட்டச் சொல்லேல்ல. ரெண்டு பேரும் ஒருக்கா இரத்தத்தைக் குடுத்துப் பாக்கட்டும்.”

“பாத்துப்போட்டு? இருக்கெண்டு வந்தா? அவளை ஆர் பிறகு கட்டுவான்? ‘சீக்குக்காரக் குடும்பம்’ எண்டு ஊர் கதைக்கும். உன்னையும் ஒருத்தனும் கட்டமாட்டான்.”

“அந்தப் படத்தில இருக்கிற பிள்ளை, அம்மா...”

அம்மாவின் கை நின்றது. நான் அவவை அப்படிப் பார்த்ததே இல்லை. கோபம் இல்லை, பயம். “வாயைப் பொத்து. மாமியின்ர காதில இது விழுந்தா அவ செத்துப்போவா. சாகேக்க அந்தப் பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு இருந்தது அவதான். அக்கான்ர வாழ்க்கையைக் குழப்பினா, சத்தியமாச் சொல்லுறன், உன்னோட நான் கதைக்கமாட்டன்.” அதற்குப் பிறகு மறுபடி துருவத் தொடங்கினா. சிரட்டை தெரிந்த பிறகும் துருவிக்கொண்டே இருந்தா.

உன் அம்மம்மாவை நீ வெறுக்காதே. அவவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்ததால்தான் அந்தப் பயம்.

நேற்று அக்காவிடமே சொல்லப் போனேன். இரண்டு கையிலும் மருதாணி வைத்து, ஒன்றையும் தொட முடியாமல் கட்டிலில் இருந்தாள். மூக்குக் கடித்தது, என்னைச் சொறிந்துவிடச் சொன்னாள். சொறிந்துவிட்டேன். “என்னடி முகம் இப்பிடிக் கிடக்கு? நான் போறன் எண்டு கவலையோ?” என்றாள். “அக்கா, ஒரு விசயம்...” என்று தொடங்கினேன். “அழுற கதை எண்டா ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்லு, இப்ப அழுதா என்னால கண்ணைத் துடைக்கவும் ஏலாது,” என்று கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு தண்ணீர்க் கோப்பையை அவளின் வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இன்று பின்னேரம் மச்சானுக்கு அனுப்பினேன். தாளை அம்மா எடுக்க முதலே படம் பிடித்து வைத்திருந்தேன். அதோடு இப்படி எழுதினேன்: “மச்சான், கோவிக்காதேங்கோ. அண்டைக்கு உங்கட இரத்தத்தை எடுத்தனான், என்னத்துக்கெண்டு சரியாச் சொல்லேல்ல. என்ர சோதனையின்ர முடிவு இது. உங்கட துளியும் அக்கான்ர துளியும் என்ர மாதிரித்தான் நடந்தது. பிழையாயும் இருக்கலாம். நீங்கள் ஒருக்கா ஆஸ்பத்திரியில குடுத்துப் பாருங்கோ. அக்காவுக்கு இன்னும் தெரியாது.” அவர் வாசித்துவிட்டதாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. அவர் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. அந்த நேரத்தில்தான் அம்மா வந்து, “கலியாண வீட்டில எந்த நேரமும் என்ன போன்?” என்று கையிலிருந்து பறித்துக்கொண்டு போனா. இப்போது அது அம்மாவின் அலுமாரிக்குள். அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அவர் மாமிக்குச் சொல்லியிருக்கலாம். கலியாணத்தைக் குழப்ப நான் பொறாமையில் செய்தேன் என்று நினைத்திருக்கலாம். அம்மா அலுமாரியைத் திறந்து வாசித்திருக்கலாம்.

இப்போது படலையில் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டேன். யன்னல் இடுக்கால் பார்த்தால் மான்கள். எங்கள் நகரத்துத் தெருக்களில் எப்போதும் திரிகிற மான்கள்தான், பந்தல் வாழையைத் தின்ன வந்திருக்கின்றன. ஒன்று தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. துரத்த வேண்டும், துரத்தப் பயமாக இருக்கிறது. தின்னட்டும்.

மகனே, மிச்சத்தையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். என் இரத்தத்தில் இருப்பது உன்னிடமும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. அது குற்றமில்லை, அசிங்கமுமில்லை. ஆனால் நீ ஒரு பெண்பிள்ளையை விரும்பினால், வீட்டுக்குச் சொல்ல முதல், சாதகம் பார்க்க முதல், இரண்டு பேரும் போய் ஒரு துளி இரத்தம் கொடுங்கள். பொன்னுருக்கும் வரைக்கும் காத்திருக்காதே. நான் காத்திருந்தேன். உன்னை அந்த நோயோடு இந்த உலகத்துக்குக் கொண்டுவர மாட்டேன், அது நான் உனக்குத் தருகிற வாக்கு. இதற்காக ஒருவரும் என்னைக் கட்டாமல் போனால் நீ பிறக்கவே மாட்டாய், இந்தக் கடிதத்தை வாசிக்க ஆளும் இருக்காது. அதையும் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் அனுப்பினேன். எனக்கு நல்ல துணிவு என்று நினைத்துவிடாதே, அனுப்பிவிட்டு இந்தச் சாமானறைக்குள் வந்து ஒளிந்திருக்கிறேன். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் கிடக்கிற கலத்தை நினைத்துக்கொள்கிறேன். யார் பெட்டியைப் போட்டார்கள் என்று அதற்குத் தெரியாது, எந்தப் பக்கம் இழுபடுகிறோம் என்று மட்டும்தான்

மோட்டார்சைக்கிள். சைலன்சர் உடைந்த சத்தம். அது யாருடையது என்று எனக்குத் தெரியும், இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். படலையில் நின்றுவிட்டது. மான்கள் ஓடுகின்றன. அவர் வரக் கூடாது. ஞாயிறு வரைக்கும் அவர் இந்தப் படலையைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டார். முன்கதவைத் தட்டுகிறார்.

“ஆரது இந்த நேரத்தில?” அம்மாவின் குரல்.

“நான்தான் மாமி. கதவைத் திறவுங்கோ.”

“ஐயோ தம்பி, உங்களுக்கென்ன விசரே? நீங்கள் இஞ்ச வரக் கூடாது. அவள் உள்ளுக்குள்ள நிக்கிறாள். முகத்தில முழிச்சுப் போடுவியள், போங்கோ!”

“தெரியும் மாமி. அவளைப் பாக்கத்தான் வந்தனான். சின்னவளையும் எழுப்புங்கோ.”

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கிறது. அப்பாவின் இருமல். இப்போது வெறுங்காலோடு யாரோ இந்தப் பக்கம் வருகிறார்கள், வளையல் கிலுங்குகிறது. அது அக்கா. என் கதவைத் தட்டுகிறாள். என் பெயரைச் சொல்லித் தட்டுகிறாள். மகனே, அவளின் குரலில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, நான் மூட்டையை இழுத்து